அடிக்கும் அடிக்கும் நடுவே

லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம் 1971 நவம்பரில் வெளிவந்தது. அதன் கடைசிப் பாட்டு ‘வென் த லெவி பிரேக்ஸ்’. 1927இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்து ஊர்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாட்டின் மறுவடிவம் அது. மற்ற வாத்தியங்கள் வருமுன் டிரம்ஸ் தனியே தொடங்குகிறது. ஜான் போனம் வாசிப்பது மெதுவான, நேரான தாளம். ஓரளவு பழகியவர் அந்த அடிகளை அதே வரிசையில் அடித்துவிடலாம். அந்த ஒலியைக் கொண்டுவருவதுதான் கடினம். ஒரு கட்டடமே கூடச் சேர்ந்து அதிர்வதாகத் தோன்றும். நிஜத்தில் நடந்ததும் அதுதான்.

பதிவு நடந்த இடம் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். 1795இல் ஏழைகளைத் தங்கவைத்து வேலைவாங்கும் விடுதியாகக் கட்டப்பட்டது. உள்ளே உயரமான கூடம், அதிலிருந்து மேலேறும் மாடிப்படி. போனமின் டிரம்ஸைக் கூடத்தின் தரையில் வைத்தார்கள். வழக்கமாக ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே, ஒரு சாண் தூரத்தில் மைக்கை நிறுத்துவார்கள். ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்டார். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 3 மில்லி நொடி, அதாவது நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு, ஆகும். நேராக மேலேறிய ஒலி முதலில் மைக்கைத் தொடும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய ஒலிகள் தத்தம் தூரத்துக்கு ஏற்பப் பிந்தி வந்து சேரும். இத்தனை நெருக்கமாக வரும் ஒலிகளை நம் காது தனித்தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே அடியின் கனமாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதையும் அதிலிருந்தே கணித்துவிடுகிறது.

ஜான்ஸ் அந்த ஒலியை ‘கம்ப்ரஸர்’ வழியாகவும் அனுப்பினார். பெரிய சத்தத்தை அமுக்கி, அதன்மூலம் சின்னச் சத்தத்தை மேலே தூக்கிக் காட்டும் கருவி அது. அடி விழுந்த கணம் அமுங்குகிறது. அதற்கு வீடு தந்த பதில் எழும்பி நிற்கிறது. ஒரு குச்சி டிரம்மின் தோலைத் தொட்டிருப்பது சில மில்லி நொடிகள்தான். மிச்ச நேரமெல்லாம் அடிக்கும் அடிக்கும் நடுவே கிடக்கிறது. ராக் இசையில் நான் மிகவும் நேசிக்கும் டிரம்மர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் இந்த நடுவெளியில் வேலை செய்தவர்கள். அவர்களுடைய சில வாசிப்புகளைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒருவருக்குள் ஒரு குழு

முதலில் கருவி. டிரம்ஸ் என்பது ஒருவர் வசம் வந்து சேர்ந்த பல கருவிகள். ஊர்வல வாத்தியக் குழுக்களில் பெரிய பாஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்னேர் டிரம்முக்கு ஒருவர், சிம்பல் எனும் வெண்கலத் தட்டுகளுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆள் உண்டு. சின்ன அரங்குகளில் அத்தனை பேர் உட்கார இடம் இல்லை. 1909இல் சிகாகோவில் வில்லியம் லுட்விக் வேகமாக இயங்கும் கால்மிதி ஒன்றைச் செய்தார். மிதித்தால் ஒரு கோல் போய் பாஸ் டிரம்மை அடித்துவிட்டு உடனே திரும்பும். வலது கால் ஒரு வாத்தியக்காரர் ஆகிவிட்டது. 1920களில் இடது காலுக்கும் வேலை வந்தது. ஒரு தண்டில் எதிரெதிராக மாட்டிய இரண்டு சிம்பல்களைக் கால் மிதித்து மூடும், விட்டுத் திறக்கும். அதன் இன்றைய வடிவம்தான் ஹை-ஹாட். மூடியிருக்கும்போது குச்சி பட்டால் ‘டிச்’ என்று வெட்டி நிற்கும். திறந்திருந்தால் ‘ட்ஷ்ஷ்’ என்று நீளும். ஒலியின் நீளத்தையே ஒரு கால் தீர்மானிக்கிறது.

இத்தனை சத்தமுள்ள கருவி எந்தப் பாட்டோடும் இணங்கிப்போவது எப்படி? ஒரு தந்தியை மீட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் 2, 3, 4 மடங்கு என்று வரிசையாக நிற்கும். அந்த ஒழுங்கால்தான் நமக்குத் தெளிவான சுருதி கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான தோலில் அந்த ஒழுங்கு கிடையாது. மேலதிர்வுகள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று சிதறி விழும். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கருஞ்சாந்து தோலின் எடையை மாற்றி, இந்தச் சிதறலை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. 1920இல் இதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சி.வி. ராமன். ராக் டிரம்மில் அந்தச் சாந்து இல்லை. திட்டமான சுருதியும் இல்லை. அதனாலேயே பாடகர் எந்தச் சுருதிக்கு மாறினாலும் டிரம்ஸ் முரண்டுபிடிப்பதில்லை.

சிம்பல் இன்னும் விசித்திரமானது. நல்ல சிம்பல்களில் சுமார் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் இருக்கும். இஸ்தான்புல்லில் ஸில்ஜியான் குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய கலவையில் கைதேர்ந்திருந்தது. அவர்கள் பெயரில் இன்றும் சிம்பல்கள் வருகின்றன. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் விழுந்த கணத்தில்தான் கூச்சல் உச்சம். சிம்பலில் அடித்த பிறகுதான் மினுமினுப்பு ஏறுகிறது. தட்டு மெல்லியது என்பதால் தாழ்ந்த அதிர்வுகளின் ஆற்றல் படிப்படியாக உயர்ந்த அதிர்வுகளுக்குக் கைமாறுகிறது. காதில் தகதகவென்று விரியும் அந்த ஒலி, அடி விழுந்து 50 முதல் 100 மில்லி நொடிக்குப் பிறகே முழு வடிவம் பெறுகிறது. குச்சி அதற்குள் வேறு எங்கோ போயிருக்கும்.

ஒரு கால், ஒரு கை

மறுபடியும் போனம். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. அதன் முதல் பாட்டு ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’. அதில் பாஸ் டிரம் ‘தத்தொம், தத்தொம்’ என்று இரட்டை இரட்டையாகப் பாய்ந்து வருகிறது. இரண்டு உதைகளுக்கு நடுவே ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. கண் ஒருமுறை சிமிட்டுவதற்குள் இரண்டும் முடிந்துவிடும். கேட்ட பலர் இரண்டு பாஸ் டிரம், இரண்டு கால் என்றே நினைத்தார்கள். இருந்தது ஒரு டிரம், ஒரு மிதி, ஒரு வலது கால். முதல் உதையில் கோல் தோலில் பட்டுத் துள்ளித் திரும்பும். அது முழுதும் திரும்புமுன் பாதம் மறுபடி அதைப் பிடித்துத் தள்ள வேண்டும். தசையின் பலம் மட்டும் போதாது. தோல் எவ்வளவு வேகமாகத் திருப்பி அனுப்பும் என்பதைப் பாதம் உணர்ந்திருக்க வேண்டும்.

பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் வேறொரு புதிரைத் தந்தவர். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். டிரம்ஸ் வாங்க ஒரு தலைமுறையே கிளம்பியது. அவர் பிறவியில் இடதுகைக்காரர். ஆனால் வலதுகைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸில்தான் எப்போதும் உட்கார்ந்தார். அந்த அடுக்கில் டாம் எனும் நடுத்தர டிரம்கள் இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிதாகும். வலதுகைக்காரர் வலது கையை முன்னே விட்டு அந்த வழியில் சரளமாக உருண்டு போவார். இடது கை முன்னே போனால் வலது கை குறுக்கே நிற்கும். அதை விலக்கி வழிவிட ஒரு சின்னத் தாமதம் தேவைப்படும்.

அந்தத் தாமதமே ரிங்கோவின் கையெழுத்து ஆயிற்று. 1969இல் வந்த ‘கம் டுகெதர்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஹை-ஹாட்டில் மூன்று மூன்றாகச் சில அடிகள் சிதறி, டாம்களில் மெதுவாக இறங்கி வருகின்றன. வலதுகை டிரம்மருக்குக் கை தானாகப் போகாத பாதை அது. டாம்களின் மேல் சமையலறைத் துண்டுகளைப் போட்டு அதிர்வையும் அடக்கியிருந்தார்கள். எனவே ஒவ்வொரு அடியும் பிறந்தவுடன் அடங்குகிறது. நடுவில் உள்ள வெற்றிடம் பளிச்சென்று தெரிகிறது. பாடகரின் குரலும் பாஸ் கிட்டாரும் மூச்சுவிட அந்த வெற்றிடம்தான் இடம் தருகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரு சின்னக் காரியத்தைச் செய்துவந்தார். ராக் தாளத்தில் நான்கு எண்ணிக்கை. இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் விழும். அதே கணங்களில் வலது கை ஹை-ஹாட்டையும் தட்டுவது வழக்கம். வாட்ஸ் ஸ்னேர் விழும் கணத்தில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார். ஒரே ஒரு தட்டலை விட்டுவிடுவதால் ஸ்னேருக்குப் போட்டியாக வேறு ஒலி இல்லை. அது தனியாக, தெளிவாக, கொஞ்சம் பெரிதாகக்கூடக் கேட்கிறது. கூடுதலாக ஓர் அடியும் அடிக்காமல் தாளத்தின் முதுகெலும்பை நிமிர்த்திவிட்டார்.

நிழல் அடிகள்

டோட்டோ குழுவின் ‘ரோசன்னா’ 1982இல் வந்தது. டிரம்ஸ் பயில்கிறவர்கள் இன்றும் தேர்வு எழுதுவதுபோல் உட்காரும் பாட்டு இது. வாசித்தவர் ஜெஃப் போர்க்காரோ. இந்தத் தாளத்தை எங்கெங்கிருந்து எடுத்துச் சேர்த்தார் என்று அவரே விளக்கியிருக்கிறார். அடிப்படை, பெர்னார்ட் பர்டி என்ற அமெரிக்க டிரம்மர் பெயரால் வழங்கும் நடை. போனம் 1979இல் ‘ஃபூல் இன் த ரெய்ன்’ பாட்டில் வாசித்த அதன் மறுவடிவம் இரண்டாவது. பாஸ் டிரம்மில் ராக் முன்னோடி போ டிட்லியின் பழைய தாளம். மூன்று மூலங்கள், ஒரு மனிதர்.

உள்ளே போய்ப் பார்ப்போம். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிகிறது. நம் லய மரபில் திஸ்ர நடை என்போமே, அது. ஆக ஒரு சுற்றில் 12 இடங்கள். வலது கை ஒவ்வொரு மூன்றிலும் முதலாவதையும் மூன்றாவதையும் ஹை-ஹாட்டில் தட்டுகிறது. நடுவில் விட்ட இடத்தை இடது கை ஸ்னேரில் மிக மெல்லத் தொட்டு நிரப்புகிறது. இந்த மெல்லிய தொடுதலை டிரம்மர்கள் ‘கோஸ்ட் நோட்’ என்பார்கள். நாம் நிழல் அடி என்று வைத்துக்கொள்ளலாம். தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு சட்டென்று வறண்டுபோகும்.

இந்த நடையில் பெரிய ஸ்னேர் அடி மூன்றாவது எண்ணிக்கையில், அதாவது ஏழாவது இடத்தில், விழும். உண்மையான கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. அங்கே அதே இடது கை முழு பலத்தோடு ஸ்னேரை அறைய வேண்டும். எட்டாவது இடத்தில் மறுபடி நிழல் அடி. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஓங்கி அறைந்த குச்சி இயல்பாக உயரத் துள்ளும். அதைத் துள்ளவிடாமல் விரல்களால் பிடித்து, தோலுக்கு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, உடனே இறகுபோல் தொட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இதே. பாட்டு முழுக்க இதே. கேட்பவர்க்கோ தாளம் சிரித்துக்கொண்டு நடக்கிறது என்ற உணர்வு மட்டும்தான்.

போர்க்காரோவின் வலது கையை அறிவியலும் அளந்திருக்கிறது. மைக்கேல் மெக்டொனால்டு பாடிய ‘ஐ கீப் ஃபர்கெட்டின்’ பாட்டும் 1982இல் வந்ததுதான். அதில் அவர் ஒரே கையால் ஹை-ஹாட்டில் நொடிக்கு ஆறு தட்டுக்கு மேல் ஓட்டுகிறார். 2015இல் பின்லாந்தின் எசா ரசனெனும் சக ஆய்வாளர்களும் அந்தத் தட்டுகளின் நேரத்தையும் உரத்தையும் ஒன்றுவிடாமல் அளந்தார்கள். தட்டுகள் மில்லி நொடிகள் அளவில் முந்தின, பிந்தின. அது தற்செயல் என்றால் ஒரு விலகலுக்கும் அடுத்ததற்கும் உறவு இருக்காது. இங்கே உறவு இருந்தது. ஒரு விலகலின் சாயல் பல தட்டுகள் கடந்தும் நீடித்தது. சிறு பகுதியின் ஏற்ற இறக்கம் பெரிய பகுதியின் ஏற்ற இறக்கத்தை ஒத்திருந்தது. பகுதி முழுமையைப்போலவே இருக்கும் இந்த அமைப்பை ‘ஃப்ராக்டல்’, அதாவது தன்னொப்பு அமைப்பு, என்பார்கள். கடற்கரை வளைவுகளில் காணும் அதே ஒழுங்கு ஒரு மணிக்கட்டில் இருந்து வந்திருக்கிறது.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. கணினி வாசிக்கும் டிரம்ஸ் உயிரற்றுக் கேட்பதால், அடிகளைச் சற்றே கலைத்து மனிதச் சாயல் தரும் வசதி மென்பொருள்களில் இருக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கேட்பவர்களுக்கு இரண்டு வகைக் கலைப்பையும் போட்டுக் காட்டினார்கள். கண்டபடி கலைத்ததைவிட, மனிதர் வாசிப்பில் உள்ளதுபோல் நீண்ட உறவோடு கலைத்ததையே அவர்கள் விரும்பினார்கள். நம் காது அத்தனை நுட்பமானது.

முழக்கத்தை வெட்டிய வாசல்

1979இல் லண்டனின் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கான வேலை. டிரம்ஸில் ஃபில் காலின்ஸ். பொறியாளர் ஹியூ பேட்ஜம். உள்ளே இருக்கும் கலைஞர் பேசுவது பொறியாளருக்குக் கேட்கக் கூடத்தில் ஒரு மைக் தொங்கும். யார் எங்கே நின்று பேசினாலும் கேட்க வேண்டும் என்பதால் அதில் கடுமையான கம்ப்ரஸர் பொருத்தியிருந்தார்கள். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருக்க, டிரம்ஸ் பிரம்மாண்டமாக வெடித்துக் கேட்டது. பேச்சுக்காக வைத்த மைக்கை அவர்கள் பதிவுக்கே திருப்பிவிட்டார்கள்.

அதோடு ‘கேட்’ என்ற கருவியையும் சேர்த்தார்கள். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் வாசலை மூடிவிடும் கருவி அது. அடி விழுகிறது; பெரிய அறையின் முழக்கம் எழுகிறது; அது மெல்லத் தேய வேண்டிய நேரத்தில் கத்திரித்ததுபோல் நிற்கிறது. இயற்கையில் எந்த அறையும் இப்படி நடந்துகொள்வதில்லை. பெரிய இடத்தின் கனமும் சின்ன இடத்தின் கச்சிதமும் ஒரே அடியில். 1981இல் காலின்ஸ் தன் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் இதற்காக மூன்றரை நிமிடத்துக்கு மேல் நம்மைக் காக்கவைத்தார். அதுவரை டிரம்ஸுக்குப் பதில் மெல்லிய இயந்திரத் தாளம் மட்டும். பிறகு டாம்களில் ஒரே ஒரு உருட்டல். சில நொடிகளில் முடிந்துவிடும். 1980களின் பாட்டுகள் பலவற்றில் டிரம்ஸ் ஒலித்த விதமே அதற்குப் பின் மாறிப்போனது.

அதே 1981இல் கனடாவின் ரஷ் குழு ‘ஒய்-ஒய்-ஸெட்’ என்ற குரலில்லாப் பாட்டை வெளியிட்டது. அந்த மூன்று எழுத்துகள் டொரண்டோ விமான நிலையத்தின் குறியீடு. மோர்ஸ் தந்திமொழியில் அதை அடித்தால் வரும் கோடும் புள்ளியும்தான் தொடக்கத் தாளம். கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணிப்பாருங்கள். முதல் எழுத்து 7, இரண்டாவதும் 7, மூன்றாவது 6. கூட்டினால் 20. எண்ணிக்கைக்கு நான்கு வீதம், ஐந்து எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று மிச்சமில்லாமல் நிறைகிறது. இதை வாசித்த நீல் பியர்ட் புகழின் உச்சியில் இருந்த 1990களில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசானிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றார். குச்சி தோலைத் தொடாத நேரத்தில் கை காற்றில் எப்படி நகர்கிறது என்பதே அங்கே முக்கியப் பாடம். ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் தம்மைப் பின்பற்றும்போது மாணவராக உட்கார்ந்த அந்த அடக்கம், அவருடைய எந்தத் தனி ஆவர்த்தனத்துக்கும் குறைந்ததல்ல.

உடம்பு மாறும்

டெஃப் லெப்பர்டு குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். வயது 21. ஸ்னேரை அறைவதும் நிழல் அடி போடுவதும் பெரும்பாலும் இடது கையின் வேலை என்று பார்த்தோம். அந்த வேலையை அவர் இடது காலுக்கு மாற்றினார். மிதிக்கு ஓர் ஒலி என்று மின்னணு மிதிகள் பல அடுக்கப்பட்டன. ஆனால் கை, மணிக்கட்டின் சுழற்சியில் அடிக்கிறது; கால், கணுக்காலின் அழுத்தத்தில். மூளையிலிருந்து பாதத்துக்குச் செய்தி போகும் வழியும் கைக்குப் போவதைவிட நீளம். இரண்டும் ஒரே கணத்தில் விழ வேண்டுமானால் காலுக்குக் கட்டளை சற்று முன்னதாகக் கிளம்ப வேண்டும். இவ்வளவையும் ஓர் உடம்பு புதிதாகக் கற்றது. 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டன் இசைத் திருவிழா மேடையில் அவர் திரும்பி வாசித்தார். அடுத்த ஆண்டு வந்த ‘ஹிஸ்டீரியா’ ஆல்பம் உலகெங்கும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

டிரம்மரின் உடம்புக்கு எவ்வளவு வேலை என்பதை அளக்க, ப்ளாண்டி குழுவின் டிரம்மர் க்ளெம் பர்க் தன்னையே இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தார். கச்சேரியில் அவர் இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 140 முதல் 150 முறை துடித்தது, உச்சத்தில் 190. முன்னணிக் கால்பந்து வீரர் ஆட்டத்தின்போது தொடும் எண்கள் இவை. வித்தியாசம், கால்பந்து வீரர் நடுவே நடக்கலாம், நிற்கலாம். டிரம்மர் நின்றால் பாட்டு நிற்கும்.

மூளையும் மாறுகிறது. ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர்களின் மூளையை 2019இல் வெளியிட்ட ஆய்வில் படம்பிடித்துக் காட்டினார்கள். வலது, இடது மூளைகளை இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதியில் அவர்களுக்கு இழைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் தடிமன். தடித்த இழையில் செய்தி வேகமாகப் போகும். அசைவுகளைக் கட்டளையிடும் பகுதிகளோ மற்றவர்களைவிடக் குறைந்த உழைப்பில் காரியத்தை முடித்தன. இடது கை ஒன்று சொல்ல வலது கை வேறொன்று சொல்லும் அந்தத் திறமை, ஆண்டுக்கணக்கான பயிற்சியோடு மூளைக்குள் தடம் பதித்திருக்கிறது.

இவற்றையெல்லாம் காதால் சரிபார்க்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். ‘ரோசன்னா’வை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாஸ் டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். மற்றதெல்லாம் தானே விலகும். இரண்டாவது முறை ஹை-ஹாட். மூன்றாவது முறை, உரத்த ஸ்னேர் அடிகளுக்கு நடுவே நிழல் அடிகளைத் தேடுங்கள். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு எந்தப் பாட்டிலும் அவை தப்பாது. பாட்டின் பின்னணி என்று இத்தனை நாள் நாம் கடந்துபோன இடத்தில், ஒரு மனிதர் நொடியை நூறாகப் பகுத்து ஒவ்வொரு துண்டையும் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது தெரியும். நமக்குப் பிடித்த பாட்டுகள் ஏன் பிடித்தன என்பதற்கான பாதி விடை அவர் கையில்தான் இருக்கிறது.